நீ வெட்டிய நான்கு வரிகள்

தம்பி,

போனில் கேட்டுக் கேட்டு நீ ஓய்ந்துபோனாய். "அப்புறம் பேசு, அடுப்புல பால் வச்சிக்கீறேன்" என்று சொல்லிச் சொல்லி நானும் ஓய்ந்துபோனேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. உன் பெரியம்மா செத்த வீட்டில் நான் வைத்த ஒப்பாரியை எடுத்து நீ ரீமிக்ஸ் செய்திருக்கிறாய். அடுத்த மாதம் பெங்களூரில் பெரிய கூட்டத்துக்கு நடுவே அதைப் போட வேண்டும், பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வெளியே விட வேண்டும், அம்மா சரி என்று சொன்னால்தான் விடுவேன் என்கிறாய். பாட்டோடு சேர்த்துப் போட நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றும் கேட்டாய். நாலு வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை இது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. கை வலிக்கிறது, கண்ணும் முன்போல் இல்லை. ஞாபகம் மட்டும்தான் கெட்டுப்போகாமல் இருக்கிறது. அதுவும் கெட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எழுதுகிறேன், முழுவதும் படி. இதையாவது நடுவில் வெட்டாதே.

ஷூ கம்பெனி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீ லேப்டாப்போடு வீட்டில் வந்து உட்கார்ந்தபோது உங்கப்பா உன்னோடு பேசுவதை நிறுத்தினார். உன்னிடம் பேச வேண்டியதையெல்லாம் என்னிடம் பேசினார். "இன்னாடி பண்றான் உம்புள்ள?" என்பார். பாட்டு செய்கிறான் என்பேன். "பாட்டு ஏற்கெனவே பாட்டாத்தானே கீது. அத எதுக்குக் கிழிச்சிக் கிழிச்சித் தெக்கிறான்?" என்று கேட்டார் ஒருநாள். "மாடு கூட ஏற்கெனவே மாடாத்தான் கீது. நீங்க எதுக்கு அதக் கிழிச்சி இத்தினி வருசம் ஷூ தெச்சீங்க?" என்றேன். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். உன் பக்கம் நின்று பேசினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரை மடக்க ஒரு வழி கிடைத்தது, விடவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நீ செய்ததெல்லாம் எனக்குப் பிடிக்கவும் இல்லை. உன் தோஸ்த் சலீம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு நாட்டுப்புறப் பாட்டை எடுத்து நீ போட்டாயே, நினைவிருக்கிறதா? பாடினவளைப் பின்னாலேயிருந்து நாய் துரத்துவது போல் ஓட விட்டிருந்தாய். அடியில் டொம் டொம் என்று விடாமல் ஒரே இடி. பிரியாணி பந்தி முடியாததால்தான் ஜனம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "அவ எங்க மூச்சு வாங்குவா? மூச்சு வாங்கவே எடம் உடலியே நீ" என்றேன். "ஒனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். நீ மறந்திருப்பாய். அந்தக் கதவு சாத்தின சத்தம் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு நீ தொழிலைக் கற்றுக்கொண்டாய், அதையும் சொல்ல வேண்டும். ஒரு பொங்கலுக்கு வந்தபோது நானே கேட்டேன், ரீமிக்ஸ் என்றால் என்னதான்டா என்று. இன்னொருத்தர் பாட்டில் சத்தம் சேர்ப்பது ரொம்பச் சுலபம், எதைச் சேர்க்காமல் விடுவது என்பதில்தான் தரம் இருக்கிறது என்றாய். முதலில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதில் எந்தத் துண்டு தனியாக நின்றாலும் உயிரோடு இருக்கும் என்று காது கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கத்திரியைக் கையில் எடுக்க வேண்டும் என்றாய். திரும்பத் திரும்ப ஒரே துண்டு வரும்போது கேட்கிறவனுக்குச் சலிக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒரு நூல் அளவாவது மாறியிருக்க வேண்டும் என்றாய். நீ பேசிக்கொண்டே தட்டில் இருந்த வடையைக் கூட மறந்துவிட்டாய். எனக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதியையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இனி உன் பெரியம்மா. இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது, அதனால் சொல்கிறேன். எனக்கு மூத்தவள், நாட்றம்பள்ளியில் வாக்கப்பட்டவள். தினமும் காலையில் எனக்குப் போன் செய்து "இன்னா கொழம்பு?" என்று கேட்பாள். வேறு எதையும் கேட்க மாட்டாள். நான் சொல்கிற குழம்பை வைத்தே நான் நல்ல மனநிலையில் இருக்கிறேனா, உங்கப்பாவோடு சண்டையா, கையில் காசு இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்த ஆடி மாதம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு உடனே வேலூருக்குக் கொண்டு போகச் சொன்னார். அந்த வருடம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற பொறுப்பு உன் பெரியப்பாவுடையது. "திருநா முடியட்டும், எங்க ஓடிப்போவுது வேலூரு" என்றார் அவர். தெருவுக்கே கூழ் அவர் வீட்டில்தான் காய்ச்சினார்கள். அண்டா முன்னால் நின்று துடுப்புப் போட்டது என் அக்கா.

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் காரில் ஏற்றினார்கள். நான் ஆம்பூர் ஹைவே ஓரத்தில் மாற்றுப் புடவையும் ஃப்ளாஸ்க்குமாக நின்றேன், வழியில் நானும் ஏறிக்கொள்வதாகப் பேச்சு. வாணியம்பாடி தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள். கார் அங்கேயே திரும்பிவிட்டது. திரும்பிய காரைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பெங்களூரிலிருந்து வேலூருக்குப் போகிற ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்துக்கொண்டு நான் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். நீதான் கடைசியில் போன் செய்தாய். இதை நான் யாருக்கும் மன்னிக்கவில்லை, காரை ஓட்டினவன் உட்பட.

ஒப்பாரி எதற்கு என்று வெளியாட்கள் கேட்டால் அழுகைக்கு என்று சொல்வார்கள். அது பாதிதான். நம் பக்கத்தில் ஒரு பெண் தன் மனத்தில் உள்ளதை ஆம்பிளைகள் எதிரில் கடைசி வரை சொல்லி முடிக்க இருக்கிற இடம் அது ஒன்றுதான். நேரில் சொன்னால் சண்டை வரும், வாயை மூடு என்பார்கள். ஒப்பாரியில் வைத்துச் சொன்னால் யாரைச் சொல்கிறோமோ அவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. பிறகு ஒருநாள் "அன்னிக்கு ஏன் அப்படிப் பாடுன?" என்று கேட்கவும் கூடாது. இது எழுதாத சட்டம். வீட்டுக்குள் அக்காவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியின் மோட்டார் ஊ என்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு மாரில் அடித்து அழுதார்கள். உன் பெரியப்பா வாசற்படியில் நின்றார். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அக்காவைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி பாடினேன்.

ஊருக்கெல்லாம் கூழு காச்ச – என் கூடப் பொறந்தவளே
உன் மூச்ச வெறகாக்கி வச்சாரே
திருநா முடியட்டும்னு – என் கூடப் பொறந்தவளே
தெருவாசப் படிய மறிச்சாரே

இந்த நான்கு வரிதான். மற்றதெல்லாம் அழுகை, அக்கா அக்கா என்று கூப்பிட்டது. நீ ஜன்னல் கட்டையில் போனை வைத்து எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்தது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதற்குப் பிறகு உன் பெரியப்பா நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நானும் அவர் வீட்டில் தண்ணீர் தொடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, அவர் தலை குனிந்தாயிற்று, போதும் என்று இருந்தேன்.

சில வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்தபோது நீ அந்தப் பெரிய ஹெட்செட்டை என் காதில் மாட்டினாய். முதலில் பயந்தேன். என் குரல்தான், ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடுவது போல் இருந்தது. அதைச் சொன்னதும் உன் முகம் வாடிவிட்டது. "ஐஸ் பெட்டி மோட்டார் சத்தத்த எடுத்தேன்மா. அத எடுக்கும்போது ஒன் கொரலும் கூடவே கொஞ்சம் போய்டுச்சி" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். "இன்னொரு தபா பாடேன்மா, அமைதியான ரூமுல, நல்ல மைக் வச்சி" என்று கேட்டாயே, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வெக்கச் சொல்றியா? யாரச் சாவடிச்சிட்டுப் பாடட்டும்?" என்றேன். உங்கப்பா கட்டிலில் புரண்டு படுத்து, "நான் வேணா கொஞ்ச நேரம் படுத்துக்கினு கெடக்கட்டுமா?" என்று கேட்டார். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஃபினிஷிங்கில் வேலை பார்த்தபோது முள் கீறலும் உண்ணி கடித்த தழும்பும் நிறைந்த தோல்கள் வரும். ஜாஸ்தி தழும்பு இருந்தால் மேலே தேய்த்துவிடுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், அதன் மேல் பொய்யாக ஒரு தோல் அச்சைப் பதிப்பார்கள். பார்க்க எல்லாமே ஒரே மாதிரி பளபளவென்று இருக்கும். தொட்டால் ரெக்சின் போல இருக்கும். என் ஒப்பாரியை வைத்து நீ செய்த முதல் ரீமிக்ஸ் அப்படித்தான் இருந்தது. நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே நீயாகக் கண்டுபிடித்தாய், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அடுத்த முறை நீ கொண்டு வந்தது வேறு. முதலில் வெறும் ஐஸ் பெட்டிச் சத்தம். அந்த ஊ என்கிற இரைச்சல் மட்டும், வெகுநேரம். அந்த வீட்டுக்குள்ளேயே திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நான் மூச்சு இழுக்கிற சத்தம், பாட்டு இல்லை, மூச்சு மட்டும். பிறகு ஒரு அடி. "இது என்ன மேளம்டா?" என்றேன். "மேளம் இல்லம்மா. நீங்க எல்லாரும் மாருல அடிச்சிக்கினீங்க இல்ல, அதான். அடியில கொஞ்சம் கனம் மட்டும் சேர்த்தேன்" என்றாய். மோட்டார் என்ன சுருதியில் ஓடுகிறதோ அதே சுருதியில் அடிநாதத்தை வைத்தேன், எடுக்க முடியாத சத்தத்தை எடுக்கப் பார்க்காமல் அதையே தரையாகப் போட்டுக்கொண்டேன் என்றாய். நான் அக்கா என்று கூப்பிட்டதை நீ துண்டு துண்டாக வெட்டி க்கா, க்கா, க்கா என்று போட்டிருந்தாய். வெட்டுகிறானே பாவி என்று முதலில் தோன்றியது. கேட்கக் கேட்க, அழும்போது என் தொண்டையே அப்படித்தான் வெட்டியது என்று தெரிந்தது. அந்த இடத்தில் நீ எதையும் கூட்டவில்லை. நல்ல வேலை, தம்பி. இதை நான் உன் எதிரில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், பாட்டு முடிந்ததும் நான் கேட்டது வேறு. "எங்கடா அந்த நாலு வரி?" நீ வயரைச் சுற்ற ஆரம்பித்தாய். "அங்க பீட் ஏறணும்மா, அந்த வரி வந்தா இழுத்துப் புடிக்குது" என்றாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அதுவும் இல்லாம பெரியப்பாவத் திட்டுற மாதிரி கீது" என்றாய். திட்டுகிற மாதிரி என்ன, திட்டினதுதான் என்றேன். "வெளியில கேக்குறவங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா" என்றாய். "புரியாதவங்களுக்குப் பயந்தா வெட்டுன?" என்று கேட்டேன். நீ லேப்டாப்பை மூடி வைத்தாய். மோட்டார் சத்தத்தை விடாமல் காப்பாற்றியிருக்கிறாய், என் வார்த்தையை எடுத்துப் போட்டிருக்கிறாய். வெட்டின இடத்தில் ஒட்டு கூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தாய். அந்தச் சுத்தம்தான் எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ அந்தப் பாட்டை உன் பெரியம்மா மகள் செல்விக்கு அனுப்பியிருக்கிறாய். அவள் கேட்டு அழுதுவிட்டு அவளுடைய அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். சென்ற மாதம் ஆம்பூர் மண்டபத்தில் சொந்தக்காரக் கல்யாணம், நீ வரவில்லை. நான் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், இலையில் அப்போதுதான் சோறு வைத்தார்கள். எதிர்ப்பந்தியில் யாருடைய போனோ அடித்தது. முதலில் ஐஸ் பெட்டி. பிறகு என் மூச்சு. பிறகு க்கா, க்கா, க்கா. நிமிர்ந்து பார்த்தால் உன் பெரியப்பா, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எடுத்துப் பேசவில்லை. அடிக்க விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், "யாரு பாடுறதுன்னு தெரியுதா? எங்க ஆம்பூர்க்காரிதான். எம்பொண்டாட்டிக்குப் பாடுனது. அவ புள்ள மிசினுல போட்டு இன்னாமா பண்ணிக்கீறான் பாரு" என்றார்.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவரைக் குற்றவாளியாக நிறுத்தின பாட்டு, அவர் சட்டைப் பைக்குள் உட்கார்ந்து அவருக்குப் பெருமை சேர்த்துக்கொண்டிருக்கிறது. கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினார். "நல்லாப் பாடிக்கீற, பாப்பா." தலை நரைத்து நாலு பேரப்பிள்ளை எடுத்த என்னை அவர் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். நான் குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் உங்கப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே எவன் செத்தாலும் நீ வாயத் தொறக்காத. ரிங் டோன் ஆக்கிடுறானுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்து, அந்த நாலு வரியைத் திரும்பப் போடு, இல்லையென்றால் பாட்டே வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட இருந்தேன். அதற்குள் செல்வி கூப்பிட்டாள். மண்டபத்தில் நான் எழுந்து போனதை அவள் பார்த்திருக்கிறாள். "அந்த நாலு வரியப் போடச் சொல்லப் போற, இல்ல சித்தி?" என்றாள். ஆமாம் என்றேன். "வேணாம் சித்தி." உங்கப்பனுக்காகப் பேசுகிறாயா என்று கேட்டேன். "அவருக்காக இல்ல. கூழு காச்சும்போது பக்கத்துல தண்ணி மொண்டு ஊத்துனது நான். என் பேரும் அந்தப் பாட்டுல வந்திருக்கணும், நீ உட்டுட்ட." போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். "அன்னிக்கு நீ பாடுனது சரி. நாங்க கேட்டுக்கினு நின்னோம். இப்ப பெங்களூருல போட்டா ஆடுவாங்க சித்தி. எங்கம்மா மூச்சு நின்ன வரிக்கு எவனோ கையத் தூக்கிக்கினு ஆடுவான். அது எனக்கு வேணாம்" என்றாள்.

நம் ஊரில் பாடைக்கு முன்னால் ஆடாமலா எடுத்துப் போகிறோம்? ஆடுவதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஆடுகிறவர்கள் தெருவில் ஆடுவார்கள், மேளத்துக்கு ஆடுவார்கள். ஒப்பாரி வீட்டுக்குள் இருக்கும். ஒப்பாரிக்கு யாரும் ஆடினதில்லை. நீ உள்ளே இருந்ததையும் வெளியே இருந்ததையும் ஒன்றாகக் கலந்துவிட்டாய். அதுதான் உன் தொழில், கலக்காமல் நீ செய்ய முடியாது. ஆனால் செல்வி சொன்ன பிறகு எனக்கு யோசனையாகிவிட்டது. இவ்வளவு அலுப்பு எனக்கு எப்போதும் வந்ததில்லை. கோபம் போகவில்லை, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் முடியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி நாட்றம்பள்ளிக்குப் போனேன். உங்கப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. நீ முன்பு அனுப்பிவைத்த, வெட்டாத முழு ரெக்கார்டும் உன் அக்கா மகளின் போனில் இருந்தது. அதை என் போனில் ஏற்றிக் கொடுத்து, "ஆயா, இந்த முக்கோணத்தத் தொட்டா பாடும்" என்று காட்டியிருந்தாள். உன் பெரியப்பா வாசலில் வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். "வா பாப்பா" என்றார். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். நான் தொடவில்லை. போனை அந்தச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்து முக்கோணத்தைத் தொட்டேன்.

முழுதும் கேட்டார். அந்த வரி வந்தபோது தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் உன் குரல் வரும், "போதும்மா, எழுந்திரு, தண்ணி குடி" என்று. அதையும் நீ வெட்டியிருக்கிறாய். அது முடிந்ததும் கடலை மேல் உட்கார்ந்த காக்காயை விரட்டினார். "அன்னிக்கே கேட்டேன். மறக்கல" என்றார்.

"மறக்காதவருதான் போன்ல வச்சிக்கினு ஊருக்கெல்லாம் காட்டுறீங்களா, மாமா?"

"இதுல நான் கீறேன். அதுல நான் இல்ல. நான் இல்லாம உங்கக்காவ மட்டும் கூப்புடுற பாட்டு எனக்கு வேற எங்க கெடைக்கும்?"

"நீங்க இல்லாத பாட்டு இல்ல அது. உங்கள வெட்டி எடுத்த பாட்டு."

"தெரியும். வெட்டுன எடம் கூடத் தெரியும். போன் அடிக்கும்போதெல்லாம் அந்த எடம் வருது, உள்ள நானே பாடிக்கிறேன்."

"அப்ப வேற பாட்டு வைங்க."

"மாட்டேன்" என்றார். பிடிவாதக்காரர், எப்போதும் அப்படித்தான். பிறகு, "ஆட்றவனுங்க கையில மட்டும் அந்த வரியக் குடுத்துடாத. எழுதணும்னா எழுதிக்கோ, படிக்கிறவன் உக்காந்து படிப்பான்" என்றார். அவரை மன்னிக்கத்தான் போனாய் என்று செல்வி சொல்வாள். இல்லை. மன்னிக்கவில்லை. அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போனேன். இருக்கிறது. எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலம் நான் ஒருத்தியே காவல் இருந்திருக்கிறேன். இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

கிளம்பும்போது அவர் பஸ் நிறுத்தம் வரை வந்தார். முழங்கால் பேஜார், நடக்க முடியவில்லை, இருந்தும் வந்தார். பஸ் வருவதற்கு முன்னால், "நான் போனா யாரு பாடுவா? செல்விக்கு வராது. நீதான் வரணும்" என்றார். வர்றேன் என்றேன். "திட்டுவியா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அதனால் இதுதான் என் பதில். பாட்டை வெளியே விடு. அந்த நான்கு வரி அதில் வேண்டாம். நீ வெட்டியது சரி என்று நான் சொல்லவில்லை. உன் பெரியப்பாவின் முகத்துக்காக வெட்டினாய், அது தப்பு. செல்வி சொன்ன காரணத்துக்காக வெட்டியிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன். இனிமேல் யாருடைய பாட்டையாவது கையில் எடுத்தால், எதை வெட்டினாய், ஏன் வெட்டினாய் என்று பாடினவளிடம் நீயே முதலில் சொல். அவள் தேடிக் கண்டுபிடிக்கும்படி விடாதே. இன்னொன்று, அந்த இடத்தில் ஒட்டு தெரியாமல் ஒட்டியிருக்கிறாயே, அதை மட்டும் பிரித்துவிடு. பாட்டு அங்கே ஒரு மூச்சு நேரம் தடுக்கி விழுந்து எழுந்து போகட்டும். பீட் கெட்டால் கெடட்டும். ஆடுகிறவன் ஒரு காலைத் தவறாக வைத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கேட்டவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு, அதற்குத்தான் வரியை இதில் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் பெரியப்பாவுக்கு ஏதாவது ஆனால் நீயும் பெங்களூரிலிருந்து வருவாய். வா. வந்து ஆம்பிளைகளோடு பந்தலில் நில். அன்றைக்கு நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அதை ரெக்கார்ட் பண்ணாதே. திட்டினேனா, அழுதேனா என்பது அங்கே நின்றவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அம்மா